விலக்கி வைத்த ஒரு பெயர்

எங்கள் நூலகத்தில் ஏசி கொஞ்சம் அதிகம்தான். அந்த நாற்காலியில் காற்று நேராக முகத்தில் அடிக்கும்; இப்படித் தள்ளி உட்காருங்கள். விசாரணைக் குழுவுக்குத் தெரிய வேண்டியதை நானே சொல்லிவிடுகிறேன்.

தரவுத்தளத்தில் தேடுவது பெரிய வித்தை இல்லை. எது வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்; எது வேண்டாம் என்று சொல்வதுதான் நூலகர் வேலை. ‘பாசி’ என்று போட்டால் மலைபோல் கொட்டும். மீன்தொட்டிக்காரர்களை எல்லாம் கழித்துக்கட்டினால்தான் உருப்படியாக நாலு கட்டுரை மிஞ்சும். அந்தத் தேடலைச் சேமித்துவிட்டால், புதிதாக வருவதெல்லாம் வாராவாரம் தானாக மெயிலுக்குப் போய்விடும்.

என் தங்கை மகளுக்கும் அப்படித்தான் அமைத்துக் கொடுத்தேன். தங்கை போன பிறகு என்னிடம் வளர்ந்தவள். தண்ணீரில் கலந்த ஈயத்தைப் பாசியை வைத்துப் பிரிக்கிற ஆராய்ச்சி. நீயே தேடிப் பழகு என்றால் சிரிப்பாள்.

“நீங்க இருக்கும்போது நான் எதுக்குப் பெரியம்மா கண்ணைக் கெடுத்துக்கணும்? நீங்க தேடிக் கிடைக்கலன்னா அது உலகத்துலயே இல்ல.”

முதல் வருடமே, அவளுக்குப் போகும் முன், ஒரு கட்டுரை எனக்கு அகப்பட்டது. யாரோ ஒருவர் அதே பாசியை எடுத்து, இவள் செய்ய நினைத்ததையெல்லாம் செய்து முடித்திருந்தார். காட்டியிருந்தால் தலைப்பை மாற்றியிருப்பாள். வேறு ஊர் ஆய்வகம் ஒன்று வேறு தலைப்போடு அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. போயிருப்பாள். அந்த மனிதரின் பெயரை, அவள் தேடலில் வேண்டாதவற்றோடு சேர்த்தேன். அதன்பின் அவர் எழுதிய எதுவும் அவளுக்குப் போகவில்லை.

நல்ல வருடங்கள் அவை. நகக்கண்ணில் பச்சைக் கறையோடு வந்து, என் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவாள்.

ஆய்வேட்டைக் கொடுத்த பிறகுதான் சொன்னாள், கடல் தாண்டி வேலை கிடைத்திருக்கிறதாம்.

“வைவா முடிஞ்சதும் கிளம்பறேன் பெரியம்மா. பாவம் நீங்க, எத்தனை நாள்தான் என்னையே கட்டிக்கிட்டு அழுவீங்க?”

விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அந்த வாரம் வெளித்தேர்வாளர், இதே பொருளில் வந்த கட்டுரைகளை அனுப்பச் சொல்லி நூலகத்தைக் கேட்டிருந்தார். கேட்டதை அனுப்புவது என் கடமை. நான் விலக்கி வைத்திருந்த அந்தக் கட்டுரையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

வைவா அன்று அவர் அதையும் இவள் ஆய்வேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கிருந்து எடுத்தாய் என்று சபையில் கேட்டாராம். இவள் அழவில்லையாம். ஒன்றே ஒன்றுதான் சொன்னாளாம்.

“எங்க பெரியம்மா தேடினாங்க சார். அப்படி ஒண்ணு இல்லவே இல்ல.”

பட்டமும் போயிற்று, வேலையும் போயிற்று. இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். தலை வாரிவிட்டால் பேசாமல் காட்டுகிறாள். ஊட்டினால் இரண்டு வாய் வாங்கிக்கொள்கிறாள். சின்ன வயதிலும் இப்படித்தான், நான் ஊட்டினால்தான் சாப்பிடுவாள்.

அவள் திருடவில்லை. அந்தக் கட்டுரையை அவள் பார்த்ததே கிடையாது. அவள் கண்ணில் படாமல் வைத்தவளும் நான், தேர்வாளர் கண்ணில் படவைத்தவளும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

என்னை விட்டால் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?