எண்பத்தெட்டிலேயே நிற்கிறது

— நெஞ்சுல ஒட்டின ஒயரைப் பிடுங்காதே அண்ணா. படு.

— அண்ணான்னு கூப்பிடாதே. நீ அவனோட ஓடிப்போன அன்னைக்கே அந்த உறவு முடிஞ்சுபோச்சு. நீ இங்க வேலை பார்க்கிறேன்னு தெரிஞ்சிருந்தா இந்த ஆஸ்பத்திரி வாசப்படியே மிதிச்சிருக்க மாட்டேன்.

— உன்னை யாரு ஆசையா கூப்பிட்டா? கம்பெனி அனுப்பிச்சது, வந்தே. கிரேன் சீட்டை விட்டு எழுந்திருக்கும்போதெல்லாம் மயக்கம் வருதாமே?

— வெயில்ல யாருக்குத்தான் தலை சுத்தாது? நல்லா இருக்கான்னு எழுதிக் குடு. நாளைக்கு நான் மேல ஏறணும்.

— மெஷின்ல வர்றதைத்தான் டெக்னீஷியன் எழுத முடியும். மூச்சை இழுத்தா துடிப்பு கொஞ்சம் ஏறணும், விட்டா இறங்கணும். உனக்கு இழுத்தாலும் எண்பத்தெட்டு, விட்டாலும் எண்பத்தெட்டு.

— சீரா ஓடுது. அதுல என்னடி குறை?

— அதான் குறை. இத்தனை வருஷமா சர்க்கரை. ஒருநாளாவது மாத்திரையை ஒழுங்கா முழுங்கினியா? ஏறு, இறங்குன்னு இதயத்துக்குச் சொல்ற நரம்பு கெட்டுப்போனா இப்படித்தான் நிக்கும். மேல நீ மயங்கிச் சாஞ்சா கீழ நிக்கிறவங்க கதி என்ன?

— மெஷின் ஓட்டை. வீட்டை விட்டுத் துரத்தினேன்னு இப்ப என் வயித்துல அடிக்கிறே.

— துரத்தினியே, தாலியோட திரும்பி வந்து நின்னவளை, கொட்டுற மழையில, கட்டின துணியோட!

— இன்னைக்கும் துரத்துவேன்.

— அப்ப உன் மகளையும் சேர்த்துத் துரத்து. காலையில வேலைக்குன்னு கிளம்பினாளே, நேரா பதிவு ஆபீஸுக்குத்தான் வந்தா. நீ வேண்டாம்னியே, அதே பையன். சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன்.

— என்னடி சொன்னே?

— காது கேக்கலையா? ரெண்டு பேரும் இப்ப என் வீட்ல இருக்காங்க.

— அடிப்பாவி! உன்னை வெட்டிப் போட்டாலும் என் ஆத்திரம் தீராதுடி! நீ நாசமாப் போனது போதாதுன்னு என் பொண்ணையும் இழுத்துட்டியா?

— கத்து. இன்னும் நல்லா கத்து.

— என்ன திமிர் உனக்கு! என் குடியைக் கெடுத்துட்டு அந்தத் திரையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறே. என் மூஞ்சியைப் பாருடி!

— பொய் அண்ணா. கல்யாணமும் இல்லை, ஒண்ணும் இல்லை, அவ வேலையிலதான் இருக்கா. நீ இந்தக் கத்து கத்தியும் உன் துடிப்பு எண்பத்தெட்டுலேயே நிக்குது. இன்னும் திட்டு அண்ணா, உன் கால்ல விழறேன். ஒரு தடவையாவது ஏறட்டும்.