வக்கீல் வீட்டு ஜன்னல் சேதி

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஒரு காலையில் மந்தைவெளியில் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றிருந்தேன். எதிர் ஓட்டலில் ரேடியோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். கூடை வைத்திருந்த மூத்தவள் சட்டென்று சொன்னாள்:

"நம்மள ஒரு வார்த்தை கேக்காத சேதி இன்னா சேதி?"

இளையவள் சிரித்தாள். "ரேடியோ உன்னை இன்னாக்கா கேக்கும்?"

"எங்க தெரு வக்கீல் ஐயா கேப்பாரு. சண்டை நாள்ல தெனம் காலையில ரேடியோவை ஜன்னலாண்ட வெப்பாரு. தெருவே வந்து நிக்கும். சேதி முடிஞ்சதும் டக்குனு நிறுத்திட்டு, 'இப்ப நீங்க சொல்லுங்க, ரங்கூன்லேர்ந்து யாருக்குக் கடுதாசி வந்துச்சு?'ன்னு கேப்பாரு."

"நீ இன்னா சொல்லுவே?"

"'எங்க வூட்டுக்காரரு கடுதாசி இன்னும் வரலீங்க'ம்பேன். நாலு மாசமா அதேதான். அதையும் தலையாட்டிக் கேட்டுக்குவாரு. நடுவுல ரேடியோ கெட்டுப்போச்சு. அப்பவும் அதே நேரத்துக்கு ஜன்னலைத் தெறந்தாரு. நாங்களும் போய் நின்னோம்."

"ரேடியோ பேசாம எதுக்குக்கா நின்னீங்க?"

"அவரு எங்களைக் கேப்பாருன்னுதான். ஒரு நாள் எங்க வூட்டுக்காரரே வந்து சேர்ந்துட்டாரு, பர்மாலேர்ந்து நடந்தே. காலையில ஜன்னலாண்ட ஓடிப்போய்ச் சொன்னேன். தெருவே கைதட்டிச்சு."

வரிசை ஓரடி நகர்ந்தது.

"இப்ப அந்த ஜன்னலாண்ட போறதில்லியா?"

"போறேனே. பெரிய ரேடியோ வாங்கிக்கீறாரு. சேதி முடிஞ்சா பாட்டு, பாட்டு முடிஞ்சா பேச்சு. நிறுத்தறதே இல்ல. முந்தாநாள் எம்பொண்ணுக்கு ஆம்பளப்புள்ள பொறந்துச்சு. சொல்லிட்டு வரலாம்னு ரொம்ப நேரம் நின்னேன்."