‘சாதாரணம்’ என்று குறித்த பதிவு

காரின் முன்கண்ணாடியை எல்லோரும் வெளிப்பக்கம்தான் கழுவுகிறார்கள். உள்பக்கம் துடைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஏர்கான் ஓடி ஓடி அங்கே புகைபோல ஒரு படலம் படிந்துவிடும். ஓட்டுபவருக்கு அது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். எங்கள் நிலையத்தின் நான்கு ரோந்துக் கார்களிலும் வாரத்துக்கு ஒருமுறை அதைத் துடைத்தவள் நான். அது என் வேலையில் சேர்ந்ததல்ல. ஒரு பொறுப்பைக் கொடுத்தால் முழுசாகச் செய்வது என் சுபாவம். என் வாக்குமூலத்தில் அதை முதலில் எழுதிக்கொண்டால், துவான், மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

பெயர் ஷம்சியா. வயது நாற்பத்தொன்பது. வீடு பாக்கார் ஆராங்கில். நான் உடுப்புப் போட்ட போலீஸ் இல்லை. இருபத்திரண்டு வருடமாக நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. கார்களில் கேமரா பொருத்தியபோது, கணினி தெரிந்தவள் என்று என்னை ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் பதிவுகளெல்லாம் என் கைக்கு வந்தன.

முறை எளிதானது. காரின் நீல விளக்கைப் போட்டதும் கேமரா தானாகப் பதிய ஆரம்பிக்கும். காருக்குள் பேசுவதையும் பதியும். கார் நிலையத்துக்குத் திரும்பினால் பதிவு என் கணினியில் வந்து சேரும். நான் பார்த்துவிட்டு அதற்கு ஒரு பிரிவு குறிக்க வேண்டும். வழக்கு, விபத்து, புகார் என்று குறித்தவை வருடக்கணக்கில் இருக்கும். ‘சாதாரணம்’ என்று குறித்தவை முப்பதாம் நாள் தாமாக அழிந்துவிடும். யாரும் கை வைக்க வேண்டியதில்லை.

அந்த வியாழக்கிழமை மூன்றாம் எண் காரின் கேமரா பழுதாகியிருந்தது. விற்ற கம்பெனியிலிருந்து ஆள் வரவில்லை. நானே சரிசெய்தேன். ஓடும் காரில் ஐந்து நிமிடம் விடாமல் பதிகிறதா, முன்னால் போகும் வண்டியின் எண் தெரிகிறதா என்று சோதித்துப் படிவத்தில் எழுத வேண்டும். கோப்பரல் புவனேசனை அழைத்தேன். இருபத்தெட்டு வயது, மரியாதையான பையன். போன வருடம்தான் கல்யாணம் ஆனது. நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். கிராணிகள் ரோந்துக் காரில் ஏறக் கூடாது என்று விதி இருக்கிறது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மழை விட்டு ஒரு மணி நேரம் இருக்கும். சுங்கை லாலாங் பக்கம் போனோம். மணி ஐந்து. முன்னால் ஒருவர் மோட்டாரில் போய்க்கொண்டிருந்தார். தலைக்கவசம் போட்டிருந்தார். கைப்பிடியில் இரண்டு காய்கறிப் பைகள். பதிவு தொடங்க நீல விளக்கைப் போட்டு, சைரனையும் போட்டோம். ஓரங்கட்டுவார் என்று நினைத்தோம். அவர் வேகமெடுத்தார், இடது பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் மண்பாதையில் திரும்பினார். புவனேசன் பின்தொடர்ந்தான். இரண்டு மூன்று வளைவுகளுக்கு அப்புறம் மோட்டாரைக் காணோம். ஏதோ கிளைப்பாதையில் போய்விட்டார் என்று புவனேசன் சொன்னான். ஐந்து நிமிடமும் முடிந்திருந்தது. திரும்பிவிட்டோம்.

ஆறு பத்துக்குப் பதிவைத் திறந்தேன். படம் மிகத் தெளிவாக இருந்தது. கண்ணாடியின் உள்பக்கத்தை அன்று காலையில்தான் துடைத்திருந்தேன். கார் கடைசி வளைவில் திரும்பும்போது, படத்தின் இடது ஓரத்தில், வாய்க்காலுக்குள் மோட்டாரின் பின்சக்கரம் தெரிந்தது. பக்கத்தில் ஒரு கை. நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். கை அசைந்தது.

அசைகிற கை எழுந்துவிடும் என்று நினைத்தேன். எவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அங்கே போக எங்கள் நிலையத்திலிருந்து பதினைந்து நிமிடம் ஆகும். ஆம்புலன்சுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பதிவைப் போட்டுக் காட்ட வேண்டிவரும். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத புவனேசனின் வேலை என்னாவது? அதைத்தான் யோசித்தேன். அது சோதனைப் பதிவு என்பதால் ‘சாதாரணம்’ என்று குறித்தேன். கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மக்ரிப் தொழுகையில் அவருக்காகத் துஆ கேட்டேன். பிறகு மீன் பொரித்தேன்.

மறுநாள் காலை, உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கப் போன காளியம்மா என்ற பெண் அவரைப் பார்த்திருக்கிறாள். பெயர் சசிதரன், தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். இடுப்பெலும்பு உடைந்து உள்ளுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. இரவு ஒன்பது, பத்து வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் எழுதியிருந்தார். ஈரமான பாதையில் தானாகச் சறுக்கி விழுந்தார் என்று அறிக்கை தயாரானது. அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான். ஒரு எழுத்துப்பிழை இல்லை.

இருபத்தெட்டாம் நாள், ஒரு வியாழக்கிழமை, அவர் மனைவி தேவகி வந்தாள். கையில் ஒரு கடிதம். என் முகப்பில்தான் வந்து நின்றாள்.

“அக்கா, அவரு விழுந்த அன்னிக்கு சாயங்காலம் சைரன் சத்தம் கேட்டுச்சாம். காளியம்மா சொல்றாங்க. போலீஸ் காடியில கேமரா இருக்காமே. அதைப் பாக்கணும்னு சூராட் எழுதிட்டு வந்திருக்கேன்.”

உட்காரச் சொன்னேன். மைலோ கலக்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

“லைசன்ஸ் செத்து நாலு மாசமாச்சுக்கா. புதுப்பிங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அதான் பயந்து ஓடியிருப்பாரு. நான் யார் மேலயும் கேஸ் போட வரலக்கா. விழுந்த உடனே போயிட்டாரா, இல்ல கெடந்தாரான்னு தெரிஞ்சா போதும். அது தெரியாம என்னால சாப்பிட முடியல.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “உடனே போயிருப்பாரும்மா. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது,” என்றேன். அவள் அழுதாள். அது நல்ல அழுகை. மனப்பாரம் இறங்குகிற அழுகை. அன்றைக்கு அவளுக்கு என்னால் முடிந்த உதவி அதுதான்.

அப்புறம் கடிதத்தைப் படித்தேன். இறப்புச் சான்றிதழின் நகல் இல்லாமல் வாங்க முடியாது, எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது. கடிதத்தை வாங்கி, என் கணினியில் ஒரு சொல்லை மாற்றியிருந்தால் பதிவு அழியாமல் நின்றிருக்கும். மறுநாள் வெள்ளி, அதற்கடுத்து சனி; இரண்டு நாளும் கெடா மாநிலத்தில் அலுவலக விடுமுறை. சனிக்கிழமை முப்பதாம் நாள்.

ஞாயிற்றுக்கிழமை முகப்பு திறந்ததும் முதல் ஆளாக வந்தாள். நகல் வைத்திருந்தாள். தேடிப் பார்த்து, அப்படி ஒரு பதிவே இல்லை என்றேன். “பரவாயில்லக்கா, நீங்க சொன்னதே போதும்,” என்று சொல்லி, ஒரு டப்பாவில் முறுக்கு கொடுத்துவிட்டுப் போனாள். நான் அதைச் சாப்பிடவில்லை. எடுத்துப் போய் அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன்.

அவளுடைய அண்ணன் விடவில்லை. வக்கீல் மூலம் மேலிடத்துக்குப் புகார் போனது. கார் எந்த வழியில் போனது என்பது வேறொரு கணினியில் இருந்தது. புவனேசனைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அவன் காரில் தனியாகப் போனதாக எழுதிக் கொடுத்தான். என் பெயரைச் சொல்லவில்லை. அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்; அவன் மனைவி மாசமாக இருக்கிறாள். “நீங்க கவலப்படாதீங்கக்கா, ஒருத்தர் மாட்டினா போதும்லா,” என்றான். அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று சொன்னால் நீங்கள் தப்பாக நினைப்பீர்கள். ஆனால் அன்று இரவுதான் பல வாரம் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

பதிவு அழிந்தாலும், அதை யார் எத்தனை முறை பார்த்தார்கள் என்ற குறிப்பு அழியாது. பயிற்சியில் சொன்னார்கள்; நான் மறந்துவிட்டேன். அந்தக் காகிதத்தை மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். பதினான்கு முறை. எல்லாம் என் பெயரில். நீங்கள் அழைக்காமல் இருந்தாலும் நானே வந்திருப்பேன்.

பதிவில் என்ன பேச்சு இருந்தது என்று கேட்டீர்கள். எனக்கு மனப்பாடம்.

மண்பாதையில் திரும்பியதும் புவனேசன் காரை மெதுவாக்குகிறான். “அக்கா, விட்டுருவோம்லா. நம்பர் தெளிவா விழுந்துருச்சு. பாவம், பயந்துட்டாரு.”

ஒரு பெண்குரல் சொல்கிறது: “ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு. அஞ்சு ஆகணும். நிறுத்தாத.”

கொஞ்சம் பொறுத்து அவன் மறுபடியும், “அக்கா, ரோடு வழுக்குது. அவரு விழுந்துருவாரு,” என்கிறான்.

“போ தம்பி.”

அந்தக் குரலில் பதற்றமே இல்லை. கோபமும் இல்லை. வேலையில் கவனமாக இருக்கிற ஒருத்தியின் குரல். காரில் வேறு பெண் கிடையாது, துவான். அவரைத் துரத்தச் சொன்னவள் நான். வாய்க்காலில் உயிரோடு கிடக்கிறார் என்று தெரிந்தும் வீட்டுக்குப் போனவள் நான். தேவகியிடம் நாளைக் கணக்குப் பார்த்துத் தவணை சொன்னவளும் நான்தான்.

கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரி மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அந்தப் பதிவை நான் அழியவிட்டது புவனேசனைக் காப்பாற்றத்தான். அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.