ஆரியா

குமாரவேல்: ...அதான் சொல்றேன் இக்னேஷி. வேலையச் செய்யணும். பலன் வருதா, வரலியா... அது நம்ம கையில இல்ல.

இக்னேஷியஸ்: ஆரம்பிச்சிட்டியா? கல்மண்டபத்துல நாலு சனிக்கெழம கீதை கேட்டுட்டு, டீக்கடையில எனக்குப் பிரசங்கமா?

குமாரவேல்: கேளு நைனா. ஆறு மாசமா ஆர்பர்ல சரக்கு ஏத்தி எறக்குற விஞ்சு மெஷின ஓட்டக் கத்துக்கினோமே. கப்பல்லேருந்து மேஸ்திரி 'ஆரியா'ன்னு கொரல் வுட்டா இன்னா செய்வோம்?

இக்னேஷியஸ்: சரக்கக் கீழ எறக்குவோம்.

குமாரவேல்: உள்ள அரிசியா, ஆணியான்னு கேப்பியா?

இக்னேஷியஸ்: கேட்டா செவுள்லயே வுடுவாரு.

குமாரவேல்: அவ்ளோதான் கீதை. மனசுல கீறதயும் ஆரியான்னு எறக்கிடணும்.

இக்னேஷியஸ்: அர்ச்சுனன் எந்தக் கப்பல்லடா விஞ்சு ஓட்னான்?

குமாரவேல்: சொன்னவரு தேரோட்டிதானே. நம்ம ஆளு.

இக்னேஷியஸ்: சரி... விஞ்சுக்கு ஆள் எடுத்த லிஸ்டு ஒட்டிட்டாங்களாமே. பாத்தியா?

குமாரவேல்: எதுக்கு? இருந்தா இருக்கட்டும், இல்லாட்டி போவட்டும். நீ பாத்தியா?

இக்னேஷியஸ்: நானா... இல்ல. மாதா கோயில்ல பூசை இருந்திச்சு.

குமாரவேல்: பூசை ஆறரைக்கே முடிஞ்சிருக்குமே.

இக்னேஷியஸ்: ...டீ ஆறுது, குடி.

குமாரவேல்: நீதான் குடிக்காம கீற.

இக்னேஷியஸ்: ஒண்ணு கேக்குறேன். நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தன் பேருதான் கீதுன்னா?

குமாரவேல்: அவன் போவணும்.

இக்னேஷியஸ்: இன்னொருத்தன்?

குமாரவேல்: மூட்டை தூக்குவான். சொதந்தரம் வந்த வருசத்துலேருந்து தூக்கிகினுதானே கீறோம்?

இக்னேஷியஸ்: உனக்கு வருத்தமே இருக்காது?

குமாரவேல்: ஆரியா.

இக்னேஷியஸ்: எனக்கு அப்டி எறங்காதுடா. வேணான்னு எழுதிக் குடுத்துட்டு, உன் கூடவே மூட்டை தூக்க வந்துடுவேன்.

குமாரவேல்: அப்ப லிஸ்டுல கீறது உன் பேருன்னு உனக்குத் தெரியும்.

இக்னேஷியஸ்: பாத்தேன். உன் பேரு இல்லடா.

குமாரவேல்: இந்தப் பொட்டலத்தப் பிரி.

இக்னேஷியஸ்: இன்னாது... காக்கிச் சட்டையா? புத்தம் புதுசு.

குமாரவேல்: விஞ்சுக்காரனுக்குக் காக்கி வோணும்ல. ரெண்டு மணிக்கு டூட்டி. மாட்டிகினு கெளம்பு.

இக்னேஷியஸ்: இரு... தோள்ல புடிக்குதே. இது உன் அளவுடா. எப்ப தைக்கக் குடுத்த?

குமாரவேல்: போன மாசம். காலைல ஏழு மணிக்கே லிஸ்டப் பாத்துட்டேன். அப்பலேருந்து ஆரியா, ஆரியான்னு சொல்லிகினேதான் கீறேன்... எறங்க மாட்டேங்குது இக்னேஷி.