நோல்மே சேற்றுவெளியில் ஒக்புன் காணாமல் போனது குறித்து வாக்குமூலம்

என் பெயர் மாங் தல்சூ, வயது நாற்பத்தொன்று. குன்சான் நகரில் சலவைக்கடை வைத்திருக்கிறேன். பள்ளிப் படிப்பு முடித்தவன், அதற்கு மேல் படிக்கவில்லை.

இன்று காலை என் மகள் சேபோமை (வயது ஒன்பது) அழைத்துக்கொண்டு நோல்மே முகத்துவாரத்தில் இருக்கும் என் மனைவியின் அக்கா ஒக்புன் வீட்டுக்கு வந்தேன். மதியம் கடல்நீர் வற்றியதும் நானும் மகளும் சிப்பி பொறுக்கச் சேற்றில் இறங்கினோம். ஒக்புன் மதினி கரையில் நின்றுகொண்டு, "மாப்ள, அங்க விழுந்து எந்திரிச்சு வந்தா உங்க கடையிலகூட வெளுக்க முடியாது. கடல் பக்கம் நட்டிருக்கற வலைக்கம்பத்தத் தாண்டாதீங்க" என்றார். "எனக்கா சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனேன்.

அதன் பிறகு மூடுபனி இறங்கியது. மகளின் தொப்பி தெரிந்தது, கால் தெரியவில்லை. கரை எந்தப் பக்கம் என்று புரியாமல் நின்றபோது ஓடையில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தேன். ஆற்றுத் தண்ணீர் கடலுக்குத்தானே போகும், அது வருகிற பக்கம் நடந்தால் கரை வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, என் மூளையை நானே மெச்சிக்கொண்டு நடந்தேன். வலைக்கம்பம் நெற்றியில் இடித்த பிறகுதான் அது ஏறி வரும் கடல்நீர் என்றும், பிள்ளையைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன் என்றும் தெரிந்தது. மகள், "தண்ணி ஏன்பா மேல மேல வருது?" என்றாள். "நம்மள வழியனுப்பத்தான்" என்றேன். என் பற்கள் அடித்துக்கொண்டதால் அவள் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அவளைத் தோளில் ஏற்றி, தண்ணீர் போகும் பக்கமே திரும்பி நடந்தேன். பூட்ஸ் இரண்டும் சேற்றிலேயே நின்றுவிட்டன. தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது அலுமினியத் தட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. மகள், "பெரியம்மாப்பா! அந்தப் பக்கம்!" என்று கத்தினாள். ஒருமுறை ஏமாந்தவன் என்பதால் நான் திசை மாறவில்லை. மதினி கரையில் நின்று தட்டுகிறார் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது.

கரையேறியதும் பக்கத்து வீட்டு மீனவர், "ஒக்புன் எங்கய்யா? உங்களத் தேடித்தான தட்டோட உள்ள போச்சு?" என்று கேட்டார்.

தட்டுச் சத்தம் எந்தப் பக்கம் கேட்டது என்று இதை எழுதிக்கொள்ளும் கடலோரக் காவல் அதிகாரி கேட்கிறார். எனக்கு இடது பக்கம் என்று தோன்றுகிறது. மகள் வலது பக்கம் என்கிறாள். அந்தப் பக்கம் போகச் சொல்லி அவள் என் காதைப் பிடித்து இழுத்தாள். இப்போது வலிப்பது வலது காது. ஆகவே, கரையைப் பார்த்து வரும்போது வலது பக்கம் என்று எழுதிக்கொள்ளவும்.

மேலே உள்ளவை நடந்தபடியே சொன்னவை. எனக்கு வாசித்துக் காட்டுவது பிறகு ஆகட்டும், முதலில் படகை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

மாங் தல்சூ