அழுந்தாத பட்டன்

பட்டன் அழுந்தவில்லை என்று யாராவது பழைய கேமராவைக் கொண்டுவந்தால், நான் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்க மாட்டேன். பாதி நேரம் அதில் பழுதே இருக்காது. ஃபிலிம் முடிந்திருக்கும். அடுத்த படத்துக்குச் சுற்றுகிற கைப்பிடி பாதி வழியில் நின்றுவிடும். அது முழுக்க வராமல் பட்டன் இறங்காது. அக்கா கொண்டுவந்த கேமராவிலும் விஷயம் அவ்வளவுதான், சார்.

அக்கா மகள் பாப்பா தண்ணீரில் போன பிறகு, அக்கா வீட்டை விட்டு முதன்முதலில் வெளியே வந்தது என் கடைக்குத்தான். கேமரா அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமாவுடையது. அன்று நீர்த்தேக்கத்தின் கரையில் கிடந்தது.

"பட்டன் இறுகிப்போச்சுடா. உள்ள பாப்பா எடுத்ததெல்லாம் இருக்கும், எப்படியாவது எடுத்துக் குடு," என்றாள். நான் கையில் வாங்கிய பிறகும் அவள் அதன் வாரை விடவில்லை.

அன்று நடந்தது உங்களுக்கு வேறு மாதிரி எழுதித் தரப்பட்டிருக்கும். வண்டி பஞ்சர். மாமா அதைத் தள்ளிக்கொண்டு போகும்போது, "பாப்பாவப் பாத்துக்கப்பா, தண்ணிகிட்ட விட்டுடாத," என்றார். "சரி மாமா" என்றேன். மரத்தடியில் படுத்தேன். நல்ல காற்று. விழித்தபோது ஒரு செருப்பு மட்டும் தண்ணீரில் மிதந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. கத்தியிருக்கலாம். நான் சாலைக்கு நடந்துபோய் பஸ் ஏறினேன். மாமா பஞ்சர் ஒட்டப் போகுமுன்பே நான் கிளம்பிவிட்டதாக எல்லோரிடமும் சொன்னேன்.

"அவன்கிட்ட விட்டுட்டுத்தான் போனேன்," என்று மாமா எத்தனையோ முறை சொன்னார். அக்கா நம்பவில்லை. "பிள்ளைய தனியா விட்டுட்டு பஞ்சர் ஒட்டப் போனதுமில்லாம, பழிய என் தம்பி தலையில போடுறியா?" என்று கேட்டு, அவரை வீட்டை விட்டு அனுப்பினாள். அவர் ஒரு லாட்ஜில் போய்த் தங்கினார்.

ஃபிலிமைச் சுற்றி எடுத்து நானே கழுவினேன். விழுந்த பல்லைப் பாப்பா உள்ளங்கையில் வைத்திருந்தாள். ஒன்றில் அக்கா தலை துவட்டிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. கடைசிப் படம் பாப்பா எடுத்தது. கொஞ்சம் சாய்ந்திருந்தது. நான் வாயைத் திறந்தபடி தூங்குகிறேன். என் பின்னால் வண்டி நின்ற இடம் காலியாக இருக்கிறது.

அதை மட்டும் வெட்டிவிட்டு மற்றதைக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன். ஃபிலிமின் ஓரத்தில் நம்பர் இருக்கும். ஒன்று குறைந்தால் மாமா கண்டுபிடித்துவிடுவார். எல்லாவற்றையும் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கினேன்.

"ஒண்ணுகூடவா விழல?" என்று அக்கா கேட்டாள்.

"ஷட்டர் திறக்கவே இல்லக்கா."

"க்ளிக் க்ளிக்னு சத்தம் கேட்டுச்சேடா."

"சத்தம் வரும். உள்ள திரை திறந்திருக்காது."

"நீ என்ன பண்ணுவ, பாவம்," என்று என் தலையைத் தடவினாள்.

கடைசியாக மாமா என் கடைக்கு வந்து என்ன பேசினார் என்றுதானே கேட்டீர்கள். சண்டை போட வரவில்லை. சவரம் செய்திருக்கவில்லை, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். "கோபத்துல கேக்கலப்பா. நான் உங்கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்? எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. நீ சொல்றத நம்பிக்கிறேன்," என்றார்.

அவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். "நீங்க ஒண்ணும் சொல்லல மாமா. நான் அங்க இல்லவே இல்ல."

தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப நான்தான்," என்றார். மறுநாள் காலையில் லாட்ஜ்காரர் கதவை உடைக்க உங்களைக் கூப்பிட்டார்.

இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், சார். பிள்ளையும் போய், புருஷனும் போய், அவளைப் பார்த்துக்கொள்ள இனி நான் ஒருவன்தான் இருக்கிறேன்.