தலைகீழாக நின்ற பாட்டில்

ஹலோ... ஹலோ, குட்டி... வச்சிடாத, வச்சிடாத. உங்க மாமாதான் பேசறேன்... ஆமா, ஆமா. எட்டு மாசமா ஒரு ஃபோன் இல்ல, ஒத்துக்கறேன். திட்டறதை எல்லாம் சேத்து வச்சு அப்புறமா திட்டிக்க. இப்ப உங்க அக்காவுக்கு...

இல்ல இல்ல, பயப்படாத. நல்லாத்தான் இருக்கா. அதாவது... நல்லா இல்ல. கடையில வழுக்கி விழுந்துட்டா. தரையைத் தொடச்ச ஈரம். ரெண்டு கையையும் ஊனிட்டு விழுந்ததுல ரெண்டு மணிக்கட்டும்... ஆமா, ரெண்டும்தான். முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரிலேர்ந்து இப்பத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்.

கைக்கு நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், அதை டாக்டர் பாத்துட்டார். நான் கூப்பிட்டது மூஞ்சிக்கு... மூஞ்சிம்மா, மூஞ்சி. காலையில கவுண்டர்ல நிக்கறதுக்குப் போட்ட மேக்கப் அப்படியே இருக்கு. கிரீம் விக்கறவ மூஞ்சியில அந்தக் கிரீமே இருக்கணும்னு அவங்க கடையில சட்டமாச்சே. இப்ப அரிக்குது, எரியுதுன்னு துடிக்கறா. அவளால எடுக்க முடியல, விரல் நுனிதான் வெளிய தெரியுது. அதனால நான்தான் எடுக்கணும்... ஆமா, நான்தான். சிரிக்காத.

யாரு சத்தம் போடறது, கஸ்டமரா? ஒரு புருவம் எடுத்துட்டு இன்னொண்ணு பாக்கியா? அந்தம்மாவைக் கொஞ்சம் அப்படியே உக்காரச் சொல்லு. ஒத்தப் புருவத்தோட உன் பார்லரை விட்டு எங்க ஓடிடப் போறாங்க. எனக்கு வேற சார்ஜ் கம்மியா இருக்கு, சார்ஜரை ஆஸ்பத்திரி பெஞ்சுல மறந்துட்டு வந்துட்டேன். அவ ஃபோன் விழுந்ததுல நொறுங்கிப் போச்சு. இது ஒண்ணுதான் இருக்கு.

இன்னொரு விஷயம். நான் ஒரு சின்னத் தப்பு பண்ணிட்டேன். திட்டாம கேளு. ஒர்க்‌ஷாப்ல கையில ஒட்டின கிரீஸை எடுக்க ஒரு பேஸ்ட் வச்சிருப்போம். நறநறன்னு மணல் மாதிரி இருக்கும். வீட்லயும் ஒரு டப்பா கெடந்துச்சு. கிரீஸும் பிசுக்கு, மேக்கப்பும் பிசுக்கு. என் கையில இத்தனை வருஷமா போடறேன், ஒண்ணும் ஆனதில்லையேன்னு... ஒரு கன்னத்துல மட்டும்... தேய்ச்சு...

குட்டி? ...இருக்கியா?

ஆமா... ஆமா... சரி, நான் முட்டாள்தான்... சரி, அதுவும்தான். தண்ணி ஊத்திட்டேன். நெறைய ஊத்தினேன்... இன்னும் ஊத்தணுமா? சரி. ஐஸ் வைக்கட்டுமா? ...வேண்டாம். சரி, வேண்டாம். பச்சைத் தண்ணி மட்டும். கண்ணுக்குள்ள போகல, இறுக்கி மூடிட்டிருந்தா. லைட்டை அணைக்கச் சொல்றதுக்குள்ள பாத்தேன், கன்னம் செவந்திருக்கு, கொஞ்சம் உப்பின மாதிரியும் இருக்கு... கண்ணுகிட்ட இல்ல, கீழதான்... கண்ணுகிட்ட வீங்கினா யோசிக்காம டாக்டர்கிட்ட. சரி, சரி.

அவகிட்ட குடுக்கவா? ஐயையோ, வேண்டாம். நான் நடையில நின்னு ரகசியமாப் பேசிட்டிருக்கேன். பாத்ரூம்ல ஸ்டூல் போட்டு உக்கார வச்சிருக்கேன். ஒர்க்‌ஷாப் முதலாளி அண்ணன்கிட்ட பேசறதா சொல்லியிருக்கேன். உன்னைக் கூப்பிட்டேன்னு தெரிஞ்சா அந்த மாவுக்கட்டாலயே என் மண்டையில ஒண்ணு போடுவா. அதனால நடுவுல அண்ணேன்னு சொன்னா கோச்சுக்காத.

அவ கோபம் உனக்குப் புரியலயா? சித்தப்பா வீட்டு விருந்துல அத்தனை பேர் சாப்பிட்டுட்டிருக்கும்போது, ‘மொதல்ல உன் மூஞ்சியைப் பாரு, அப்புறமா ஊருக்குக் கிரீம் வில்லு’ன்னு சொன்னியே. சொன்ன விஷயம் சரியோ தப்போ, சொன்ன இடம் தப்பு குட்டி. அன்னிக்கு வர்ற வழியெல்லாம் முந்தானையால மூஞ்சியை மூடிட்டே வந்தா அவ...

சரி, நான் பழசைக் கிளறல. நீயும் கிளறாத.

...இதோ வந்துட்டேம்மா. ...ஆமாண்ணே. சொல்லுங்கண்ணே. வண்டியை எதால தொடைக்கணும்? ...ஷெல்ஃப்ல என்ன இருக்குன்னா... இருங்கண்ணே, பாத்துச் சொல்றேன். இருட்டா இருக்கு. லைட் போடக் கூடாதாம்... ஏன்னு தெரியலண்ணே, வண்டி அப்படித்தான் சொல்லுது.

நீலப் பாட்டில் ஒண்ணு. மோந்து பாத்தா என் ஷேவிங் லோஷன் மாதிரி குப்புன்னு... வேண்டாம். ரோஸ் கலர்ல ஒண்ணு, உள்ள குருணை குருணையா... இதுவும் என் பேஸ்ட்டும் ஒரே ஜாதியா? சரி, வேண்டாம். தங்க மூடி போட்டது, இது அவங்க கடை சரக்கு... தொடவே கூடாது. சரிண்ணே. அப்ப இந்த ஷெல்ஃப்ல நான் எதைத்தாண்ணே தொடலாம்?

பின்னாடியா... இருங்க. ஒரு வெள்ளைப் பாட்டில் இருக்கு. படம் கிடம் ஒண்ணும் இல்ல. மூடி கீழ இருக்கு... தலைகீழா நிக்க வச்சிருக்கு. விழாம ரெண்டு பக்கமும் டப்பாவை முட்டுக் கொடுத்து. வாசனையே இல்ல... 

என்னது? இரு, நடைக்கு வந்துடறேன்.

மேக்கப் எடுக்கற எண்ணெயா? நீ குடுத்ததா? விருந்தன்னிக்கு நீ கையில திணிச்சியே, அதா? அதைக் குப்பையில போட்டுட்டேன்னு என்கிட்ட சொன்னாளே... இல்லடா, போடலை. உள்ள கொஞ்சூண்டுதான் இருக்கு. எட்டு மாசம் வந்திருக்குன்னா எவ்வளவு துளித்துளியா எடுத்திருப்பா பாரு. கடைசிச் சொட்டும் மூடிக்கு வரட்டும்னுதான் கவுத்து வச்சிருக்கா...

குட்டி? ...மூக்கை உறிஞ்சற சத்தம் கேக்குது. ஒத்தப் புருவக்காரம்மாவா, நீயா?

சரி சரி, கேக்கல. என்ன பண்ணணும், சொல்லு. ...கை கழுவியாச்சு. ...நகம் வெட்டியாச்சு, போன வாரம்... இல்ல, கருப்பு உள்ளயே தங்கிடுச்சு, அது போகாது. சாகற வரைக்கும் போகாது. ...மூஞ்சி ஈரமில்லாம இருக்கணும். பருத்தித் துணியால ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. பேஸ்ட் பட்ட கன்னத்துல எண்ணெய் வேண்டாம், அதை விட்டுடணும். மொதல்ல கண்ணு.

ஸ்பீக்கர்ல போட முடியாதும்மா, உன் குரல் கேட்டுடும். தோள்ல இடுக்கிக்கறேன். கழுத்து சுளுக்கினா சுளுக்கட்டும்.

...வந்துட்டேன், வந்துட்டேன். அண்ணன் இன்னும் லைன்லதான் இருக்கார், வண்டி அவசரம். கண்ணை மூடு. ...ஹெட்லைட்டை மொதல்ல எடுக்கணுமாண்ணே? சரிண்ணே. பஞ்சுல எண்ணெய் விட்டு, அது மேல வச்சு, சும்மா இருக்கணும். ...தேய்க்கல. தேய்க்கலண்ணே, தொட்டுட்டுத்தான் இருக்கேன். கருப்பு தானா ஊறி வர்ற வரைக்கும்... அப்புறம் இமையை இழுக்காம கீழ் பக்கமா...

...என்னம்மா? ...எந்த வண்டிக்கு இமை இருக்குன்னு கேக்கறாண்ணே. ...புது மாடல்மா, அதுல எல்லாம் இருக்கு.

வருது... வருதுண்ணே. பஞ்சு பூரா கருப்பு. அடுத்த கண்ணும் அப்படியே... வலிக்குதாம்மா? இல்லேன்னு சொல்றா, ஆனா ஸ்டூல்ல பின்னாடி பின்னாடி நகர்றா. என் விரல் அரம் மாதிரி இருக்குண்ணே, நான் என்ன பண்ணுவேன்... மோதிர விரலாலயா? அதுலதான் பெலம் கம்மியா? சரி. அந்த விரலுக்கு இன்னிக்குத்தான் வேலை வந்திருக்கு.

இப்ப மூஞ்சி. உள்ளங்கையில விட்டு, ரெண்டு கையாலயும் சூடு பண்ணி... நெத்தி, மூக்கு, தாடை... வட்ட வட்டமா, மெதுவா... அப்புறம் பஞ்சைத் தண்ணில நனைச்சு ஒத்தி எடுக்கணும். இருட்டுல எங்க போயிருக்கு, எங்க போகலைன்னு ஒண்ணும் தெரியலண்ணே. ...நீங்களும் லைட்டைப் போடத்தான் சொல்றீங்க. அவ... அது ஒத்துக்காது.

...ஏம்மா, ஒரு நிமிஷம் போடறேன். பாக்காம எப்படிம்மா எடுப்பேன். மறுபடியும் எங்கயாவது காயப்படுத்திடுவேன். ...காலையில உங்க கடை மேனேஜர் உன்னைப் பாக்க வீட்டுக்கு வர்றார்னு நீதானே சொன்னே. போடறேன். போட்டுட்டேன்.

...

...குட்டி.

குட்டி, இது... தாடை ஓரமா பூரா செவந்து, தோல் உரிஞ்சு கெடக்கு. மூக்கோரம் வெடிச்சிருக்கு. இல்ல, இல்ல, என் பேஸ்ட் பண்ணது இல்ல. அது இந்தக் கன்னம். இது நெத்தி, அந்தப் பக்கக் கன்னம், கழுத்து வரைக்கும்... பழசு குட்டி. காஞ்சு, திரும்ப வந்து, திரும்பக் காஞ்சு... நான் பாத்ததே இல்ல. சத்தியமா. தெனமும் கதவைச் சாத்திட்டு எல்லாத்தையும் எடுப்பா, வெளிய வர்றதுக்குள்ள மறுபடி எதையோ பூசிட்டுத்தான் வருவா. அதுதான் அவ நெறம்னு நெனச்சிட்டிருந்தேன். தெருமுனையில வர்ற வண்டிச் சத்தத்தை வச்சே எதுல கோளாறுன்னு சொல்றேன். பக்கத்துல படுத்திருக்கறவ மூஞ்சி எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியல. நான் என்ன மனுஷன்...

...ஐயோ. பேரைச் சொல்லிட்டேன். பாக்கறா.

ஆமாம்மா... அண்ணன் இல்ல. உன் தங்கச்சிதான். ...கத்தாத, கத்தாத, தோல் இழுக்கும். ...வேற யாரைக் கூப்பிடுவேன் சொல்லு? எனக்கு யாரைத் தெரியும்? ...வச்சிடுங்கறா குட்டி. ...வைக்க முடியாதும்மா. கை பூரா எண்ணெய். ஃபோன் வழுக்கும். நீ வேணா வை. ...பாரு, உன்னாலயும் முடியாது. நம்ம ரெண்டு பேராலயும் முடியாது. 

இரு. ஷெல்ஃப்ல சாய்ச்சு வச்சு ஸ்பீக்கர் போடறேன்... மூக்காலதான் அமுக்கினேன். ஆச்சு. பேசுங்க.

...

சரி, நானே ஆரம்பிக்கறேன். சார்ஜ் போயிட்டிருக்கு. 

பாட்டிலைப் பத்திச் சொல்லிட்டேம்மா. அது கவுந்து நின்னதையும் சொல்லிட்டேன். ...மொறைக்காத. அவ அதுக்குத்தான் அழுதா.

...அழாதம்மா. உப்புத் தண்ணி பட்டா இன்னும் எரியும். என்னால தொடைக்கவும் முடியல, எண்ணெய்க் கை. குட்டி, நீயும் ஆரம்பிச்சிட்டியா? யாராவது ஒருத்தராவது அழாம இருந்து அடுத்து என்ன பண்ணணும்னு சொல்லுங்களேன். நான் பஞ்சை வச்சுட்டு நடுவுல நிக்கறேன்.

...வெதுவெதுன்னா? ...பச்சைத் தண்ணியா? நீ ஒண்ணு சொல்றே, அவ ஒண்ணு சொல்றா. ...சரி, சூடு இல்லாம, ஜில்லுன்னும் இல்லாம. ...ஒத்தி எடுத்தாச்சு. கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே அந்த வாசனையில்லாத கிரீமா? ...அது தீந்துடுச்சாம். அதுவும் நீ குடுத்ததுதானாம். இப்பத்தான் வாயைத் தெறக்கறா.

காலையிலயா? ...ஏம்மா, அவ சொல்றதைக் கேட்டியா? கிரீம் எடுத்துட்டு காலையில வர்றாளாம். மேக்கப் பெட்டியையும் கொண்டு வந்து, புண்ணு தெரியாம, எரியாம மூடி விடறாளாம், மேனேஜர் வர்றதுக்குள்ள. உன்னைக் கவுண்டர்லேர்ந்து எடுத்து குடோன்ல போட மாட்டாங்க. எனக்கும் நிம்மதி. நான் ஒரு பம்பருக்கு பெயிண்ட் அடிக்கவே ஆள் வைக்கிறவன், உன் மூஞ்சிக்கு எங்க...

...என்னம்மா? ...பெட்டி வேண்டாமா?

குட்டி, சார்ஜ் தீரப் போகுதுன்னு ஃபோன் டிங் டிங்னு சத்தம் போடுது, சீக்கிரம் கேட்டுக்க. அவ மெதுவாத்தான் சொல்றா, உனக்குக் கேக்காது. வேண்டாமாம். பெட்டி வேண்டாமாம். இனிமே எதையும் பூசிக்கப் போறதில்லையாம். அந்தாள் இந்த மூஞ்சியை இப்படியே பாக்கட்டும், குடோன்னா குடோன்னுங்கறா. ...ஆனா? ஆனா என்னம்மா, கொஞ்சம் சத்தமா... அவர் வர்றப்ப இந்த மூஞ்சியோட தனியா உக்காந்திருக்க பயமா இருக்காம். பெட்டி இல்லாம நீ மட்டும் வந்து பக்கத்துல உக்காரணுமாம். உன்னை வரச் சொல்றா குட்டி. கேட்டுச்சா? அவ வாயாலயே சொல்லிட்டா...

ஹலோ?

ஹலோ... குட்டி?

...அணைஞ்சிடுச்சும்மா.

...தெரியலயே. எது வரைக்கும் கேட்டுச்சுன்னு தெரியல. வேண்டாம்னு சொன்னதோட நின்னுடுச்சோ, வரச் சொன்னதும் போய்ச் சேந்துச்சோ... தெரியலயேம்மா.

கண்ணை மூடு. அழுததுல மிச்சம் ஒட்டியிருந்த மை இறங்குது.